கரண்ட் போன இரவும் மறுநாள் காலையும்

2012-ஆம் ஆண்டு. ஜூலை மாதம் 30-ஆம் தேதி. திங்கட்கிழமை. அதிகாலை இரண்டரை மணி.

தில்லி நகரம் தூங்கிக்கொண்டிருந்தது. மழைக்காலம்தான். ஆனால் அந்த ஆண்டு மழை குறைவு. புழுக்கம் தாங்க முடியவில்லை. மின்விசிறி ஓடினால்தான் தூக்கம் வரும்.

திடீரென்று விசிறி நின்றது. தெருவிளக்கு அணைந்தது. ஊரே இருட்டில் மூழ்கியது.

தில்லியில் தமிழர்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். அரசு வேலை, கட்டட வேலை, வீட்டு வேலை என்று பிழைப்புக்காகப் போனவர்கள். அப்படி ஒரு குடும்பத்தை மனதில் நினைத்துக்கொள்வோம். அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள். அப்பாவின் தாயாரும் உடன் இருக்கிறார். அவருக்குச் சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் ஊசி போட வேண்டும்.

சின்னப் பிள்ளை வியர்வையில் நனைந்து அழுகிறது. அம்மா விசிறி மட்டையைத் தேடி எடுத்து வீசுகிறார்.

"ஏங்க, பியூஸ் போயிடுச்சா பாருங்க."

"பியூஸ் இல்ல. தெரு முழுக்க இருட்டா இருக்கு."

பக்கத்து வீட்டுப் பெண்ணும் வாசலுக்கு வந்துவிட்டார்.

"அக்கா, உங்க வீட்லயும் கரண்ட் இல்லையா?"

"இல்லம்மா. எப்ப வருமோ தெரியல."

ஒரு மணி நேரத்தில் வந்துவிடும் என்று நினைத்தார்கள். வரவில்லை. அவர்கள் தெரு மட்டும் இருளவில்லை. தில்லி, பஞ்சாப், அரியானா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், உத்தரகண்ட், இமாச்சலப் பிரதேசம், காஷ்மீர் என வட இந்தியாவே இருண்டுபோயிருந்தது. 30 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் பாதிக்கப்பட்டார்கள்.

விடிந்த பிறகு

பொழுது விடிந்தது. இனி இருட்டு இல்லை. ஆனால் உண்மையான சிரமம் அப்போதுதான் தொடங்கியது.

அம்மா குழாயைத் திறந்தார். தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது. பிறகு நின்றுவிட்டது. ஏன்? மாடியில் உள்ள தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது மோட்டார். மோட்டாரை ஓட்டுவது கரண்ட். நகரத்துக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்து அனுப்பும் நிலையங்களுக்கும் கரண்ட் வேண்டும். அதனால் தில்லியில் குடிநீர் வழங்குவதும் பாதிக்கப்பட்டது.

முதல் நாள் அரைத்த இட்லி மாவு பிரிட்ஜில் இருந்தது. பாலும் இருந்தது. இரண்டும் என்ன ஆகுமோ என்ற கவலை. சட்னி அரைக்க மிக்சி ஓடாது. பிள்ளைகளின் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட முடியாது. செல்போனில் சார்ஜ் இல்லை.

வேலைக்குக் கிளம்பியவர்களுக்கும் சிரமம். மெட்ரோ ரயில் சேவை பாதிக்கப்பட்டது. மின்சார ரயில்கள் வழியில் நின்றன. சாலையில் சிக்னல் விளக்குகள் எரியவில்லை. வண்டிகள் முட்டி மோதி நின்றன. மருத்துவமனைகள் ஜெனரேட்டரை வைத்துச் சமாளித்தன.

ஒரே இருட்டுதான். ஆனால் எல்லோருக்கும் அது ஒன்றாக இல்லை. பெரிய மாளிகைகளில் இன்வெர்ட்டர் இருந்தது. ஜெனரேட்டர் இருந்தது. ஏழைகளின் வீட்டில் இவை ஏது? அங்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தது யார்? பெரும்பாலும் பெண்கள்தான்.

இன்னொன்றையும் நாம் மறக்கக் கூடாது. 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி, நம் நாட்டில் 100 வீடுகளில் 67 வீடுகளில்தான் மின்விளக்கு எரிந்தது. மீதி வீடுகளில் பெரும்பாலும் மண்ணெண்ணெய் விளக்கு. தில்லிக்கு ஒரு நாள் வந்த இருட்டு, அந்த வீடுகளுக்குத் தினமும் வந்துகொண்டிருந்தது.

கரண்ட் எப்படி வருகிறது?

இவ்வளவு பெரிய பகுதி ஒரே நேரத்தில் எப்படி இருண்டது? இதைப் புரிந்துகொள்ள, கரண்ட் நம் வீட்டுக்கு எப்படி வருகிறது என்று பார்ப்போம்.

கரண்ட் பல இடங்களில் உற்பத்தி ஆகிறது. நிலக்கரியை எரித்து எடுக்கிறார்கள். அணையில் விழும் நீரைக்கொண்டு எடுக்கிறார்கள். அணு உலை, காற்றாலை, சூரிய ஒளி மூலமாகவும் கிடைக்கிறது. இந்த நிலையங்கள் எல்லாவற்றையும் பெரிய பெரிய கம்பிகளால் இணைத்திருக்கிறார்கள். வயல்வெளியில் உயரமான இரும்புக் கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் மீது போவது இந்தக் கம்பிகள்தான். மீன்பிடி வலையில் நூல்கள் எப்படிப் பின்னிக் கிடக்கின்றனவோ, அப்படி நாடெங்கும் இவை பின்னிக் கிடக்கின்றன. இதற்கு மின்வலை என்று பெயர். ஆங்கிலத்தில் கிரிட் என்பார்கள்.

நெல்லைக் குதிரில் கொட்டி வைக்கலாம். தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி வைக்கலாம். கரண்டை அப்படிப் பெரிய அளவில் சேர்த்து வைப்பது கடினம். நாம் சுவிட்சைப் போடும் அதே நொடியில் எங்கோ ஓர் இடத்தில் அது உற்பத்தி ஆகிக்கொண்டிருக்க வேண்டும். எவ்வளவு செலவோ அவ்வளவு வரவு. இந்தக் கணக்கு நொடிக்கு நொடி சரியாக இருக்க வேண்டும். இதைப் பார்த்துக்கொள்ளக் கட்டுப்பாட்டு மையங்கள் உள்ளன. அங்கே இரவும் பகலும் ஆட்கள் விழித்திருக்கிறார்கள்.

அந்த இரவில் என்ன நடந்தது?

நம் ஊர்த் திருவிழாவில் தேர் இழுப்பதைப் பார்த்திருப்போம். நூறு பேர் வடம் பிடிக்கிறார்கள். தேர் அசைந்து வருகிறது. பத்துப் பேர் கையை விட்டால் என்ன ஆகும்? அவர்கள் இழுத்த பாரம் மற்றவர்கள் மீது விழும். அதைத் தாங்காமல் இன்னும் இருபது பேர் கையை விடுவார்கள். மீதி இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களாலும் தாங்க முடியாது.

மின்வலையிலும் இதேதான் நடந்தது.

அந்த ஆண்டு மழை குறைந்ததால் வடக்கே விவசாயிகள் பம்புசெட்டை நம்பினார்கள். நெல் வயலுக்கு இரவும் பகலும் தண்ணீர் இறைத்தார்கள். நகரங்களில் விசிறியும் ஏசியும் ஓடின. கரண்ட் செலவு கூடியது. வடக்கே உற்பத்தியானது போதவில்லை. மேற்குப் பகுதியிலிருந்து கரண்ட் வந்துகொண்டிருந்தது. சில மாநிலங்கள் தங்களுக்கு ஒதுக்கியதைவிட அதிகமாக எடுத்தன.

மேற்கிலிருந்து வடக்கே வரும் கம்பிப் பாதைகள் பல உண்டு. அவற்றில் சில அந்தச் சமயத்தில் வேலையில் இல்லை. சில பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தன. அதனால் எல்லாப் பாரமும் மற்ற பாதைகள் மீது விழுந்தது.

மத்தியப் பிரதேசத்தில் பீனா என்று ஓர் ஊர். குவாலியர் என்று இன்னோர் ஊர். இரண்டுக்கும் இடையே 4 லட்சம் வோல்ட் கம்பிப் பாதை போகிறது. நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட்தான். அப்படியானால் அது எவ்வளவு பெரிய பாதை என்று எண்ணிப் பாருங்கள். அதிகாலை 2 மணி 33 நிமிடத்துக்கு அந்தப் பாதை துண்டிக்கப்பட்டது. கம்பி அறுந்து விழவில்லை. பாரம் மிகுந்ததும் பாதுகாப்புக் கருவி தானாகவே பாதையை மூடிவிட்டது. நம் வீட்டில் பியூஸ் போவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம்.

உடனே அந்தப் பாரம் அடுத்த பாதைக்குப் போனது. அதுவும் மூடிக்கொண்டது. பிறகு அடுத்தது. சில நொடிகளில் வடக்கு வலை தனியாகப் பிரிந்து நின்றது. வரவு குறைவு, செலவு அதிகம். மின் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. இப்படிப்பட்ட நேரத்தில் சில பகுதிகளுக்கு மட்டும் கரண்டைத் தானாக நிறுத்தி, மற்ற பகுதிகளைக் காப்பாற்றும் கருவிகள் உண்டு. அவையும் போதிய அளவு வேலை செய்யவில்லை.

மத்தியப் பிரதேசத்தில் ஒரு பாதை மூடியது. தில்லியில் ஒரு குழந்தை வியர்த்து எழுந்து அழுதது. இரண்டுக்கும் இடையே உள்ள தொடர்பு இதுதான்.

கரண்ட் ஏன் உடனே வரவில்லை?

"சுவிட்சைப் போட்டால் வந்துவிடாதா?" என்று சிலர் கேட்கலாம்.

அடுப்பு எரிய விறகு மட்டும் போதாது. பற்றவைக்க ஒரு தீக்குச்சி வேண்டும். அனல் மின் நிலையமும் அப்படித்தான். அங்கே தண்ணீர் ஏற்றும் பம்புகள் உண்டு. நிலக்கரியை அரைக்கும் இயந்திரங்கள் உண்டு. இவை ஓடினால்தான் கரண்ட் உற்பத்தி ஆகும். இவை ஓடுவதற்கே கரண்ட் வேண்டும்! நின்றுபோன நிலையத்துக்கு வெளியிலிருந்து கொஞ்சம் கரண்ட் கொடுத்துத்தான் எழுப்ப வேண்டும்.

நீர்மின் நிலையங்களை எழுப்புவது சுலபம். கிழக்கு, மேற்குப் பகுதிகளிலிருந்தும் கரண்ட் வந்தது. பூட்டான் நாட்டின் நீர்மின்சாரமும் கைகொடுத்தது. காலை 8 மணி அளவில் ரயில், மெட்ரோ, விமான நிலையம் போன்றவற்றுக்குக் கரண்ட் கொடுக்கத் தொடங்கினார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வீடுகளுக்கு. எல்லாம் சரியாவதற்கு மாலை 4 மணி ஆயிற்று.

மக்கள் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் மறுநாள் ஜூலை 31. பகல் 1 மணிக்கு மறுபடியும் வலை சரிந்தது. இந்த முறை வடக்கோடு கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் பாதிக்கப்பட்டார்கள். அப்போது நம் நாட்டு மக்களில் இரண்டு பேருக்கு ஒருவர் என்று சொல்லலாம். தில்லி மெட்ரோவில் சுரங்கப் பாதையில் நின்ற ரயில்களிலிருந்து பயணிகளை இறக்கி அழைத்து வந்தார்கள். மேற்கு வங்காளத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இருந்த தொழிலாளர்கள் மேலே வர முடியவில்லை. லிப்ட் நின்றுவிட்டது. பல மணி நேரம் கழித்துப் பத்திரமாக மீட்கப்பட்டார்கள். அன்று இரவுதான் நிலைமை சீரானது.

தமிழ்நாட்டில் அன்று என்ன?

அந்த இரண்டு நாட்களும் தமிழ்நாடு இருளவில்லை. தென் மாநிலங்களின் மின்வலை அப்போது தனியாக இயங்கியது. ஆனால் நமக்கு வேறு சிரமம் இருந்தது. 2012-இல் தமிழ்நாட்டின் பல ஊர்களில் தினமும் பல மணி நேர மின்வெட்டு. அந்த நாட்களை யார் மறப்பார்கள்?

2013 டிசம்பர் 31-ஆம் தேதி தென் வலையும் மற்ற வலையோடு இணைந்தது. கர்நாடகத்தின் ராய்ச்சூருக்கும் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூருக்கும் இடையே போட்ட பெரிய கம்பிப் பாதைதான் இணைத்தது. இன்று இந்தியா முழுவதும் ஒரே மின்வலை. ஓரிடத்தில் குறைந்தால் வேறிடத்திலிருந்து பெறலாம். இது நன்மை. ஆனால் பொறுப்பும் கூடிவிட்டது. ஒரு தேருக்கு வடம் பிடிப்பவர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் தன் பங்கை மீறி எடுத்தால் எல்லோரையும் பாதிக்கும்.

கரண்ட் போனால் வீட்டில் என்ன செய்யலாம்?

பெரிய வலையை நாம் பழுது பார்க்க முடியாது. நம் வீட்டை நாம் காக்கலாம்.

சுவிட்ச்: கரண்ட் போனதும் இஸ்திரிப் பெட்டி, கிரைண்டர், மோட்டார், டிவி சுவிட்சுகளை அணைத்துவிடுங்கள். இஸ்திரிப் பெட்டியை மறந்து வெளியே போனால், கரண்ட் வந்ததும் துணி தீப்பிடிக்கலாம். கரண்ட் திரும்பும்போது ஏற்ற இறக்கம் இருந்தால் இயந்திரங்களும் கெடும். கரண்ட் வந்தது தெரிய ஒரு விளக்கின் சுவிட்சை மட்டும் போட்டு வையுங்கள்.

விளக்கு: மெழுகுவர்த்தியைத் திரைச்சீலை, பாய், கொசுவலை அருகே வைக்காதீர்கள். எரியவிட்டபடி தூங்காதீர்கள். டார்ச் விளக்கு நல்லது. அதை எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள். இருட்டில் தேட வேண்டியிருக்காது.

ஜெனரேட்டர்: இதை ஒருபோதும் வீட்டுக்குள் ஓட்டக் கூடாது. அதன் புகையில் நச்சு வாயு உண்டு. அந்த வாயுவுக்கு நிறம் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே இறந்துவிடலாம்.

தண்ணீர்: இருக்கும் தண்ணீரை முதலில் குடிக்கவும் சமைக்கவும் ஒதுக்குங்கள். பிறகுதான் மற்ற வேலைகள். குழாயில் தண்ணீர் நின்று மறுபடி வரும்போது கவனம் தேவை. குழாய் காலியாக இருந்த நேரத்தில் விரிசல் வழியாகச் சாக்கடை நீர் கசிந்திருக்கலாம். முதலில் வரும் கலங்கல் நீரைக் குடிக்க வேண்டாம். குடிநீரை நன்றாகக் கொதிக்க வைத்து ஆற வைத்துக் குடியுங்கள். வயிற்றுப்போக்கு வராது.

உணவு: பிரிட்ஜ் கதவை அடிக்கடி திறக்காதீர்கள். மூடியே இருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். அதற்கு மேல் ஆனால் கறி, மீன், பால், மீந்த குழம்பு கெடத் தொடங்கும். வாசனை நன்றாக இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். எல்லாக் கெடுதலும் மூக்குக்குத் தெரியாது. மறுபடி சுட வைத்தாலும் சில நச்சுகள் போகாது. வீணாகிறதே என்று மனம் பதறும். ஆனால் மருத்துவச் செலவு அதைவிடப் பெரிது.

மருந்து: நாம் நினைத்த வீட்டில் பாட்டிக்கு இன்சுலின் உண்டு அல்லவா? சில மணி நேரம் கரண்ட் இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம். மூடிய பிரிட்ஜுக்குள்ளேயே இருக்கட்டும். நேரம் நீண்டால் மருந்தை நனையாத பையில் போடுங்கள். ஈரத் துணி சுற்றிய மண்பானைக்குள் நிழலில் வையுங்கள். பனிக்கட்டி மேல் நேராக வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் பயன்படாது. சந்தேகம் இருந்தால் மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேளுங்கள். ஊசி போடுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

அறுந்த கம்பி: தெருவில் கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாதீர்கள். ஊரில் கரண்ட் இல்லை என்று நினைத்துத் தொட வேண்டாம். எந்த நொடியிலும் வரலாம். பிள்ளைகளையும் மாடுகளையும் தள்ளி நிறுத்துங்கள். மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 94987 94987 என்ற எண்ணுக்குப் பேசலாம். வேறு மாநிலங்கள் பலவற்றில் 1912 என்ற எண் உண்டு.

கேட்பது நம் உரிமை

கரண்ட் என்பது யாரோ போடும் பிச்சை அல்ல. நாம் அதற்குப் பணம் கட்டுகிறோம். 2020 டிசம்பரில் மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளை வெளியிட்டது. பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவதாக இருந்தால் மக்களுக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். திடீர்ப் பழுது என்றால், எப்போது சரியாகும் என்று சொல்ல வேண்டும். அந்த விதிகள் இப்படிச் சொல்கின்றன.

முன்பே தெரிந்தால் என்ன பயன்? அம்மா முதல் நாளே தண்ணீர் பிடித்து வைப்பார். மாவு அரைத்து வைப்பார். செல்போனை சார்ஜ் செய்து வைப்பார். பாதிக் கஷ்டம் குறைந்துவிடும்.

செய்தி செல்போனில் வரலாம். அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கலாம். செய்தித்தாளில் வரலாம். இப்போது நமக்குப் படிக்கத் தெரியும். யாரையும் கேட்காமல் நாமே படிக்கலாம். அடிக்கடி கரண்ட் போனால் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் போனது, எப்போது வந்தது என்று குறியுங்கள். தெருவில் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு அந்தக் கணக்கோடு மனு கொடுங்கள். "அடிக்கடி கரண்ட் போகுதுங்க" என்று சொன்னால் தட்டிக் கழிக்கலாம். தேதியும் நேரமும் எழுதிய மனுவைத் தட்டிக் கழிப்பது கடினம்.

நம் பங்கும் ஒன்று உண்டு. ஆள் இல்லாத அறையில் விசிறி ஓட வேண்டாம். கொக்கி போட்டுக் கரண்ட் திருட வேண்டாம். அது உயிருக்கும் ஆபத்து. மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும் நேரத்தில் மோட்டாரையும் கிரைண்டரையும் போடாமல், பகலில் அந்த வேலையை முடிக்கலாம். எல்லோரும் இழுக்கும் தேரில் நம் கையும் இருக்கிறது.

சேர்ந்து பேசுவோம்

1. உங்கள் ஊரில் கரண்ட் போனால் முதலில் எந்த வேலை நிற்கிறது? அதனால் யாருக்குச் சிரமம் அதிகம்?

2. உங்கள் வீட்டில் டார்ச் விளக்கு எங்கே இருக்கிறது? இருட்டில் உடனே எடுக்க முடியுமா?

3. உங்கள் ஊர் மின்வாரிய அலுவலகம் எங்கே உள்ளது? அதன் தொலைபேசி எண்ணைக் கேட்டு வந்து, பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.